கிழக்கு வரிசை ஏழு மனைகள்

வணிக வரித் துறையின் கூடுதல் ஆணையர் தணிகாசலத்துக்கு எல்லாம் அலுத்துப்போய்விட்டது. கோப்பு அலுத்தது, கூட்டம் அலுத்தது, காலை மின்சார ரயில் அலுத்தது. சென்ட்ரலில் இறங்கினால் அரசாங்கக் கார் காத்துக்கொண்டு நிற்கும்; அதில் ஏறிக் கதவைச் சாத்துகிற சத்தம்கூட அலுத்தது. ஓய்வுக்கு இன்னும் மூன்றே மாதம். சென்னையில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். சேலம், மதுரை என்று மாற்றல் வந்த காலத்திலும் குடும்பத்தைத் திருத்தணியிலேயே வைத்துவிட்டு, வாரம் தவறாமல் வந்து போனார். மனிதருக்குச் சொந்த ஊரின் மேல் எவ்வளவு பாசம் பார் என்று ஊர் பேசியது. பாசமாவது ஒன்றாவது! அவர் ஊரை விடாததற்குக் காரணம் வீட்டு பீரோவுக்குள் இருந்தது.

முதலில் அவர் நூல் வியாபாரி. அப்பாவுக்குத் திருவாலங்காட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் கரும்பு. சர்க்கரை ஆலையின் வெட்டு உத்தரவுக்குக் காத்துக் காத்தே அந்த மனிதரின் ஆயுசு போனது. பிள்ளை காத்து நிற்கிற ஜாதியில்லை. பி.காம். முடித்த கையோடு, ஆந்திராப் பக்கத்து நகரியிலிருந்து நூல் மூட்டை வாங்கி ஆர்.கே.பேட்டைத் தறிக்காரர்களுக்குப் போட ஆரம்பித்தார். அந்தப் பக்கம் தெலுங்கு, இந்தப் பக்கம் தமிழ்; இரண்டையும் பேசுவார், இரண்டையும் எழுத்துக்கூட்டாமல் படிப்பார். வாய் சாமர்த்தியம் வேறு. தறிக்காரர்கள் அவரை 'மொதலாளி' என்றார்கள். முப்பது வயதுக்குள் சொந்தமாக டெம்போ, மலைக்குப் போகிற ரோட்டில் ஒரு கடை.

அப்புறம் மனை வியாபாரம். அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். கே.ஜி.கண்டிகைக்குச் சற்றுத் தள்ளி ஏரிக்கரை ஓரமாக இரண்டு ஏக்கர் பத்து சென்ட் நிலம் விலைக்கு வந்தது. சுந்தரமூர்த்தி என்ற பெரியவருடையது. வாங்கி, இருபத்தாறு மனை போட்டு, 'வள்ளி நகர்' என்று பலகை நட்டார். ஒன்றரை வருஷத்தில் ஒன்று தவிர எல்லா மனையும் போய்விட்டது. மேற்கு ஓரத்து மூலை மனையைத் தனக்கென்று வைத்துக்கொண்டு வீடு கட்டினார்.

அந்தச் சமயத்தில்தான் எல்லையில் ஒரு வணிக வரிச் சோதனைச் சாவடியில் அவருடைய டெம்போவை நிறுத்தினார்கள். ஏதோ ஒரு ரசீது இல்லை. ஒரு பகல் முழுக்க வெயிலில் நிற்க வைத்தார்கள். உள்ளே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்த அதிகாரிக்கு இவரைவிட நாலு வயது குறைவு, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எத்தினி சம்பாரிச்சா இன்னா, அந்த நாக்காலிக்கு முன்னால நான் பிச்சக்காரன்தான்" என்று வீட்டில் வந்து சொன்னார். சொன்னதோடு விடவில்லை. மனை விற்ற காசை பாங்கில் போட்டுவிட்டு, கடையை மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டு, குரூப் ஒன் பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தார். வயது வரம்புக்கு ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போது பாஸ் பண்ணினார். விதியைப் பாருங்கள், கிடைத்ததும் வணிக வரித் துறைதான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் யாரையும் வெயிலில் நிற்க வைக்கவில்லை. ஒரு டீ கூட அடுத்தவன் காசில் குடிக்கவில்லை. வியாபாரியின் புத்தி வியாபாரிக்குத்தானே தெரியும்? கள்ளக் கணக்கு கொண்டுவருகிறவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். ஊரில் பெருமை தாங்கவில்லை. கோயில் திருவிழா நோட்டீசில் பேர் போட்டார்கள், பள்ளிக்கூட விழாவில் மாலை போட்டார்கள், 'நேர்மையின் சிகரம்' என்று மைக்கில் அலறினார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அடக்கம் என்று அதற்கும் கை தட்டினார்கள்.

இப்போது பீரோவுக்கு வருவோம். மனை போட்டு விற்கிறவர்கள் தாய்ப்பத்திரத்தைத் தங்களிடமே வைத்துக்கொள்வது வழக்கம். நிலம் முதன்முதலில் எப்படி வந்தது என்று சொல்கிற மூலப் பத்திரம் அது. இருபத்தைந்து பேருக்கு அதைக் கிழித்தா கொடுக்க முடியும்? ஆளுக்கொரு ஜெராக்ஸ் கொடுப்பார்கள். வள்ளி நகர் நிலத்தின் தாய்ப்பத்திரம் ஐம்பத்தேழாம் வருஷத்தது. அப்போது திருத்தணி ஆந்திராவில், சித்தூர் ஜில்லாவில் இருந்தது. பத்திரம் முழுக்கத் தெலுங்கு. இங்கே நிலம் வாங்குகிறவர்கள் வழக்கமாக முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். முப்பது வருஷம் பின்னால் போனால் அறுபத்தெட்டு, எல்லாம் தமிழ்க் காலம், சுத்தம். அதற்கும் முன்னால் போய்ச் சித்தூர்ப் பதிவைத் தோண்ட எவனுக்கு வேலையில்லை?

தணிகாசலம் தோண்டவில்லை. கையில் கொடுத்த பத்திரத்தைப் படித்தார். நாலாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது. கிரயம் ஒரு ஏக்கர் அறுபத்தைந்து சென்ட்டுக்கு மட்டும். அதற்குக் கிழக்கே எல்லைக்கல் தாண்டி இருக்கிற நாற்பத்தைந்து சென்ட் ஏரி உள்வாய், அதாவது ஏரித் தண்ணீர் நிற்கிற இடம். தண்ணீர் வற்றின காலத்தில் பயிர் வைத்துக்கொள்கிற அனுபவ உரிமை மட்டும் உண்டு, கிரயத்தில் சேராது. பின்னால் யாரோ எப்படியோ மொத்தத்துக்கும் ஒரே பட்டா வாங்கியிருந்தார்கள். நாற்பத்தைந்து சென்ட் என்றால் ஏழு மனை. அவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் முதல் மூன்று பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து இருபத்தைந்து காப்பி எடுத்தார்.

இருபத்தேழு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. இந்த வருஷ மழைக்கு ஏரி நிரம்பி, யாரோ கோர்ட்டுக்குப் போய், ஏரிகளின் ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அளக்க வந்தவர்கள் குழம்பிப்போனார்கள். ஒரே சர்வே நம்பர். எது ஏரி, எது பட்டா என்று பிரித்துச் சொல்ல இந்தப் பக்கத்தில் ரெக்கார்டு இல்லை. எதற்கு வம்பு என்று இருபத்தாறு வீட்டுக்கும் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஆட்சேபணை இருந்தால் திங்கட்கிழமை கோட்டாட்சியர் விசாரணையில் ஆவணத்தோடு வந்து சொல்லலாம் என்று போட்டிருந்தது.

சனிக்கிழமை காலையில் சுஜாதா நோட்டீஸைக் கிழித்து எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். சுஜாதா, தணிகாசலத்தின் மனைவி சுலோச்சனாவுக்குக் கூடப்பிறந்த தங்கை. புருஷன் போய் ஒன்பது வருஷம். வீட்டின் முன்னறையில் இரண்டு கிரைண்டர் போட்டு, இட்லி மாவு அரைத்து விற்று, ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுத்து, மாடியும் எழுப்பியவள். கிழக்கு வரிசையில் மூன்றாவது வீடு அவளுடையது. கூடவே கொத்தனார் தேசப்பன். வள்ளி நகரில் பாதி வீடு அவர் கட்டியது. அவருடைய வீடு சுஜாதா வீட்டுக்கு அடுத்தது.

"அநியாயத்த பாத்தீங்களா பாவா? மொத்த நகரும் ஏரியில கீதாம்! எந்தக் கண்ணால அளந்தானுங்களோ!" என்றாள் சுஜாதா. அக்கா புருஷனை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

தணிகாசலம் நோட்டீஸை வாங்கிப் படிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கதவிலும் அதே நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

"ஒரு போன் போட்டீங்கன்னா அலறமாட்டானுங்க?" என்றாள் சுஜாதா.

"போன்லாம் இன்னாத்துக்கும்மா?" என்றார் தேசப்பன். "மொதலாளி... சார்கிட்ட தாய்ப்பத்திரம் கீதுல்ல? அத்த எட்த்துனு வந்து ஆர்டிஓ அம்மா முன்னால வெச்சா முடிஞ்சிபோச்சி. நாங்க போயி பாத்த வக்கீலும் அதான் சொல்லிகினு இருக்காரு. இல்ல சார்?"

"ஆங்" என்றார் தணிகாசலம்.

"எங்க பாவா தங்கம் மாதிரி பூட்டி வெச்சிகினு இருக்காரு. அவரு இருக்காருன்னுதான் நான் இத்தினி வருஷம் ஒரு நாளும் கவலப்பட்டதில்ல" என்று சுஜாதா தேசப்பனிடம் சொன்னாள். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான் அவருக்கு. காபி குடித்துவிட்டு இருவரும் போனார்கள். போகும்போது சுஜாதா ஒரு தூக்கில் மாவு வைத்துவிட்டுப் போனாள். சனிக்கிழமை தவறாமல் அக்கா வீட்டுக்கு மாவு கொண்டுவருவது அவள் வழக்கம், காசு வாங்கமாட்டாள்.

அன்று மத்தியானம் தணிகாசலம், தன் கீழே வேலை பார்த்து இப்போது வருவாய்த் துறையில் பெரிய இடத்தில் இருக்கிற ஒருவருக்குப் போன் போட்டுப் பார்த்தார். "கோர்ட் ஆர்டர் சார், யாராலயும் தொடமுடியாது. டாக்குமென்ட் இருந்தா மட்டும்தான்" என்று அவர் மரியாதையாகக் கை விரித்தார்.

கணக்கு எளிதாகத்தான் இருந்தது. பத்திரம் தொலைந்துவிட்டது என்று சொன்னால் இருபத்தாறு வீடும் போகும். அவருடையதும் போகும், பாவம், சாரும் நம்மைப் போல ஏமாந்தவர்தான் என்று ஊர் சேர்ந்து அழும். பத்திரத்தைக் காட்டினால் பத்தொன்பது வீடு தப்பிக்கும், அவருடையதும் தப்பிக்கும். ஏழு வீடு போகும். நாலாம் பக்கம் ஏன் ஜெராக்ஸில் இல்லை என்று கேள்வி வரும். ஓய்வு பெறுகிற நாளில் கையில் சஸ்பெண்ட் ஆர்டர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய கதை அவருக்கு ஒன்றல்ல, ஒன்பது தெரியும். அதுகூடப் பரவாயில்லை. சுஜாதாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அதற்குத்தான் அவருக்குத் தெம்பில்லை.

பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்துக் கட்டிலில் உட்கார்ந்தார். மலையில் யாரோ காவடி எடுத்து வருகிறார்கள் போலிருந்தது. மைக்கில் அரோகரா கேட்டது. சுலோச்சனா சாப்பிடக் கூப்பிட வந்தவள், வாசற்படியிலேயே நின்றாள்.

"இன்னாங்க, பத்திரம் கிடைச்சிதில்ல? அப்புறம் ஏன் எழவு வூட்ல குந்தினு இருக்கிற மாதிரி குந்தினு இருக்கீங்க?"

அவர் சொன்னார். முப்பத்திரண்டு வருஷக் குடும்பத்தில் முதன்முறையாக, ஒன்றும் மறைக்காமல், நாலாம் பக்கத்தை விரலால் தொட்டுக்காட்டிச் சொன்னார். சுலோச்சனாவுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. ஆனாலும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஏழு மனைன்னா... எந்த ஏழு?"

"கெழக்கு வரிசை."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "தொலைஞ்சிபோச்சின்னு சொல்லிடலாமா?" என்றாள்.

"சொன்னா நம்ம வூடும் போவும். எல்லாருதும் போவும்."

"போவட்டும்! எல்லாம் போனா அவ எல்லாரோடயும் சேந்து அழுதுட்டுப் போவா. அவ வூடு மட்டும் போயி, அக்கா வூடு நின்னா?" சொல்லும்போதே அவளுக்கு அந்த நியாயம் ருசிக்கவில்லை. பத்தொன்பது குடும்பம். கிழவி கன்னியம்மாள் ஒருத்தி மேற்கு வரிசையில் தனியாக இருக்கிறாள். சுலோச்சனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னாவோ பண்ணுங்க. ஆனா என் தங்கச்சிகிட்ட நீங்களே உங்க வாயால சொல்லணும். என்னத் தூது அனுப்பாதீங்க. என்னால முடியாது."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் சுஜாதா வீட்டுக்குப் போகவேண்டும் என்று சட்டை போட்டார், கழற்றினார். மூன்று தடவை. வீடு நூறு அடி தூரம்தான். போகவில்லை. எத்தனையோ பேருக்கு நோட்டீஸ் அனுப்பி நேரில் வரவழைத்துக் கேள்வி கேட்ட மனிதர். மச்சினி வீட்டுக் கதவைத் தட்ட முடியவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன?

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு விசாரணைக் கூடம் நிரம்பிவிட்டது. இருபத்தாறு வீட்டுக்காரர்களும் குழந்தை குட்டியோடு வந்திருந்தார்கள். கோட்டாட்சியர் சின்ன வயதுப் பெண், திருநெல்வேலிப் பக்கம். தணிகாசலத்தைக் கண்டதும் எழுந்து, தன் பக்கத்தில் நாற்காலி போடச் சொன்னார்.

"வேணாம்மா. இன்னைக்கு நான் ஆபீசரா வரல, வித்தவனா வந்திருக்கேன்" என்று தணிகாசலம் மேசைக்கு முன்னால் நின்றார். பத்திரத்தை வைத்தார். கூட்டத்தில் ஒரு சந்தோஷச் சலசலப்பு. சுஜாதா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுலோச்சனா கையை விடவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை.

கோட்டாட்சியர் புரட்டினார். "தெலுங்கா சார்? மொழிபெயர்ப்பாளர் வரணுமே, நாளாகுமே."

"நான் படிக்கிறேன். அப்புறம் நீங்க வேற யாரையாவது வெச்சிச் சரிபாத்துக்குங்க."

படித்தார். முதல் மூன்று பக்கம் கடகடவென்று போயிற்று. நாலாம் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதலில் தெலுங்கில் வாசித்தார். கூட்டத்தில் தெலுங்கு தெரிந்த நாலைந்து பேர் முகம் அப்போதே மாறிவிட்டது. பிறகு தமிழில் சொன்னார். எல்லைக்கல். ஏரி உள்வாய். நாற்பத்தைந்து சென்ட். கிரயத்தில் சேராது.

பத்தொன்பது குடும்பத்துக்கு மூச்சு வந்தது. ஆனால் வந்த மூச்சை வெளியே விட வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்கள். மற்ற ஏழு குடும்பமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இந்தப் பக்கம் உங்களுக்கு எப்ப தெரியும் சார்?" கோட்டாட்சியரின் குரல் இறங்கியிருந்தது.

"வாங்கும்போதே தெரியும்."

"சார், நான் இதை வாக்குமூலமா எழுதணும். உங்க மேல புகார் போகும். டிபார்ட்மென்டுக்கும் எழுதவேண்டியிருக்கும்."

"எழுதுங்கம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும், இத்தனை வருஷமாகத் தோளில் இருந்த மூட்டை இறங்கியது. இறங்கினாலும் தோள் வலிக்கத்தான் செய்தது.

தேசப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கத்தவில்லை. "அஸ்திவாரம் தோண்டும்போது மூணடியிலயே தண்ணி வந்திச்சி மொதலாளி. நான் ஓடியாந்து உங்ககிட்ட சொன்னேன். ஊத்து கீது, யோகமான மனைடா, கெணறு வெட்டுற செலவு மிச்சம்னு சொன்னீங்க. நான் ஊரெல்லாம் அத்தயே சொன்னேன். என் பேச்சக் கேட்டு ரெண்டு பேரு வாங்கனாங்க." சொல்லிவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் சுஜாதா எழுந்து வந்தாள். கோபமாக வந்தால்கூடத் தணிகாசலம் தாங்கியிருப்பார். கணக்குப் புரியாத பள்ளிக்கூடப் பிள்ளை வாத்தியாரிடம் கேட்க வருவது மாதிரி வந்தாள்.

"மேக்கால பத்தொம்போது மனை நல்லா இருந்திச்சே பாவா. அப்பல்லாம் பாதி விக்காமதான கெடந்திச்சி. எனக்கு ஏன் கெழக்கால குடுத்தீங்க?"

சுலோச்சனா கண்ணை மூடிக்கொண்டாள். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். வியாபாரம் பண்ணின வாய், சமாளிக்கத் தெரியாதா? ஆனால் அவருக்குச் சமாளித்துச் சமாளித்து அலுத்துவிட்டது.

"வாத்தியாரு, பாங்கிக்காரரு, அவங்கல்லாம் பேப்பரு கேட்டாங்க. நாளைக்கி எங்கயாவது காட்டி விசாரிப்பாங்கன்னு அவங்களுக்கு நல்ல மனையா குடுத்தேன். தேசப்பனாண்ட படிப்பு இல்ல, கேக்கமாட்டான். நீ..." மேசை மேல் கிடந்த பத்திரத்தைப் பார்த்தார். "நீ என்ன நம்பிக் கேக்கமாட்டேன்னு தெரியும் சுஜாதா. அதனாலதான்."

"அவரு கேக்கச் சொன்னாரு" என்றாள் சுஜாதா மெதுவாக. செத்துப்போன புருஷனைச் சொல்கிறாள். "எதுக்கும் பத்திரத்த ஒரு தபா காட்டச் சொல்லுன்னாரு. எங்க பாவாகிட்ட பேப்பரு கேட்டா எங்க அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்னு அவர்கிட்ட சண்ட போட்டேன். ரெண்டு நாளு பேசல."

தணிகாசலம் அழுதுவிட்டார். கூடுதல் ஆணையர், ஐம்பத்தொன்பது வயது, அத்தனை பேர் நடுவில் சின்னப் பையன்போல அழுதார். அழுதுகொண்டே, "எங்க வூட்ட உனக்கு எழுதிக் குடுத்துடறேன்மா. நானும் உங்க அக்காவும் வாடகைக்குப் போய்க்கறோம். இப்பவே, இவங்க முன்னாலயே சொல்றேன். மேக்கு மூல மனை, ஒரு வில்லங்கமும் கெடையாது. என்ன நம்பு" என்றார்.

கூட்டம் அவள் வாயைப் பார்த்தது. சுலோச்சனா, சரி என்று சொல்லுடி என்பதுபோல் தங்கையின் முழங்கையைத் தொட்டாள். சுஜாதா கையை விலக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாவுக்கடைக்கு வருகிற புது ஆளிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"பத்திரத்தக் குடுங்க பாவா. வக்கீலாண்ட காட்டிப் படிச்சிட்டுச் சொல்றேன்."